மேடை ஏறும் உடம்புக்கு டேன், மேக்கப், தோல் பராமரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எனக்கு ஒரு சின்ன பார்லர் இருக்கிறது. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போடுவதுதான் வருஷம் முழுக்க வேலை. சில வருஷத்துக்கு முன்னால் பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் கையில் ஒரு பாட்டிலோடு வந்து நின்றான். "அக்கா, ஞாயித்துக்கிழமை போட்டி. முதுகுக்கு டேன் பூச ஆள் இல்ல" என்றான். பாடிபில்டிங் மேடைக்காகத் தோலைச் சில நாளைக்குக் கருக்க வைக்கிற பூச்சுதான் டேன். அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது சித்தூர், பாலக்காடு, பொள்ளாச்சி ஜிம்களிலிருந்து ஃபிசிக், பிகினி, பாடிபில்டிங் என்று எல்லாப் பிரிவிலும் பிள்ளைகள் வருகிறார்கள். பாதித் தமிழும் பாதி மலையாளமுமாக அவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

டேன் எதற்கு? உள்ள நிறம் போதாதா?

ராத்திரி கரண்ட் போனபோது செல்போன் டார்ச்சை உங்கள் கை மேல் நேராக அடித்துப் பாருங்கள். தோல் பளிச்சென்று வெளுத்து, தசைக்கு நடுவே உள்ள பள்ளமெல்லாம் காணாமல் போகும். மேடை விளக்கும் இதைத்தான் செய்கிறது, அதுவும் பல மடங்கு வலுவாக. நடுவர்கள் சில மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் பார்ப்பது பள்ளத்தில் விழுகிற நிழலை. தோல் சீராகக் கருத்திருந்தால்தான் அந்த நிழல் நிற்கும். ஆறு மாதம் சோற்றைக் குறைத்து எடுத்த கட் (தசை பிரிந்து தெரிகிற கோடு), டேன் சரியில்லை என்பதற்காக விளக்கில் கரைந்து போவதைப் பார்த்தால் எனக்கே வயிறு எரியும்.

நான் ஏற்கெனவே கறுப்புதான். எனக்கும் வேண்டுமா?

இதுதான் அதிகம் வருகிற கேள்வி. கேட்கிறவர்கள் பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள்.

வேண்டும், ஆனால் குறைவாக. நம் பக்கத்துத் தோல் ஒரே நிறமாக இருப்பதில்லை. லோடு ஏற்றுகிறவர், பெயின்ட் அடிக்கிறவர், தோப்பு வேலை செய்கிறவர் எல்லாருக்கும் சட்டைக் கை முடிகிற இடத்தில் கோடு கிழித்த மாதிரி நிறம் மாறும். கழுத்துக் காலர் ஒரு நிறம், நெஞ்சு ஒரு நிறம், முட்டி இன்னொரு நிறம். ஷர்ட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு வெள்ளை பனியன் போட்ட மாதிரி இருக்கும். மேடையில் இந்தத் திட்டுகள்தான் முதலில் கண்ணில் படும். வெளுப்பானவர்களுக்கு மூன்று கோட் (பூச்சு) தேவைப்படும் இடத்தில் உங்களுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு போதும். அதற்கு மேல் பூசினால் நிறம் செத்துச் சாம்பல் பூத்துவிடும்.

முதலமடைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். மாந்தோப்பு வேலைக்காரக் குடும்பம். முதல் கோட் காய்ந்ததும் கண்ணாடி முன்னால் நிறுத்தினேன். கையைத் தூக்கி, தோளைத் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தாள். "அக்கா, இன்னும் கொஞ்சம் கறுப்பா இருந்தா நல்லாருக்கும்னு என்கிட்ட இதுவரைக்கும் யாரும் சொன்னதே இல்ல" என்றாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பார்லர் வைத்திருக்கிறவள் நான். "கொஞ்சம் வெளுக்க வச்சு விடுங்க" என்று தினமும் கேட்கிற நாற்காலி அது.

போட்டிக்கு முன்னால் முகம் மட்டும் வெளுக்க ஒரு கிரீம் தருகிறார்கள். போடலாமா?

கூடாது. எங்கே கிடைத்தாலும், யார் கொடுத்தாலும் கூடாது.

நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மலப்புறம் கோட்டக்கல்லில் டாக்டர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் ஒழுகுகிற ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு இருந்தது 'நெல்-1' என்கிற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கிற கிரீம் பூசி வந்தவர்கள். காரணம் கிரீமில் இருக்கிற பாதரசம். அது தோல் வழியாகவே உள்ளே போகும். அழகு சாதனங்களில் தெரியாமல் கலந்துவிடுகிற பாதரசத்துக்கு நம் நாட்டுச் சட்டம் தருகிற வரம்பு பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். 2023இல் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று பெயர் வைத்துக் கடை கடையாகச் சோதனை போட்டது இந்த மாதிரிச் சரக்கைப் பிடிக்கத்தான்.

நீங்களோ போட்டிக்காகத் தண்ணீரையும் உப்பையும் மாற்றி மாற்றி உடம்பை வருத்துகிறவர்கள். சிறுநீரகத்துக்கு இன்னொரு சுமை தேவையா? இப்படி ஒரு கிரீமை ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்துங்கள். காலில் வீக்கம் இருந்தாலோ சிறுநீர் நுரை நுரையாகப் போனாலோ டாக்டரிடம் கிரீம் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இன்னொரு ரகம் ஸ்டீராய்டு கலந்தது. டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருக்கும். பூசிய சில நாளில் முகம் பளபளக்கும். அப்புறம் தோல் மெலிந்து, சிவந்து, வெயிலில் எரியும். அந்தத் தோலில் எந்த ஃபவுண்டேஷனும் உட்காராது. ரொம்ப நாளாக அதைப் போட்டு வருகிறவர்கள் மட்டும் தோல் டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். திடீரென்று விட்டால் முகம் கொப்பளித்துக் கிளம்பும்.

தோலை எத்தனை வாரம் முன்னால் கவனிக்க ஆரம்பிக்கணும்?

டயட் ஆரம்பிக்கிற அன்றே. கொழுப்பைக் குறைத்ததும் தோல் வறளும், உதடு வெடிக்கும். அதிலும் நமக்கு மார்கழி, தை மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வருகிற காற்று இருக்கிறதே, அது ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். மாசி, பங்குனி ஆனால் பாலக்காட்டு வெயில். இரண்டும் தோலுக்குக் கஷ்டம்தான்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். குளித்துத் துவட்டி, தோலில் ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர். பகலில் வெளியே போனால் எஸ்.பி.எஃப். 30 அல்லது 50 சன்ஸ்கிரீன். வாரம் இரண்டு முறை பீர்க்கங்காய் நாரும் பயத்தமாவும் வைத்து லேசாகத் தேய்த்துக் குளியுங்கள். கடையில் விற்கிற ஸ்கிரப்பை விடப் பீர்க்கங்காய் நார் எனக்குப் பிடிக்கும். முதுகுக்கு எட்டுகிற மாதிரி நீளமாகக் கிடைக்கிறது, எண்ணெய்ப் பிசுக்கு விடுவதில்லை. தேய்த்துத் தோலை உரித்துவிடாதீர்கள். பாத்திரமா தேய்க்கிறோம்?

தேங்காய் எண்ணெய் தினமும் பூசுகிற வழக்கம் உள்ளவர்கள் தாராளமாகப் பூசலாம். ஆனால் டேனுக்கு மூன்று நாள் முன்னால் நிறுத்திவிடுங்கள். எண்ணெய்ப் படலம் இருக்கிற இடத்தில் டேன் பிடிக்காது. கஸ்தூரி மஞ்சளும் அப்படித்தான். மஞ்சள் ஏறிய தோலில் டேன் போட்டால் ஆரஞ்சு அடிக்கும்.

முதுகெல்லாம் பரு. மேக்கப்பில் மறையுமா?

சின்னச் சின்னதாக இருந்தால் டேனிலேயே பாதி அடங்கும். பெரிய கட்டிகள் மறையாது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அவற்றின் நிழலும் விழும்.

அதனால் முன்னாடியே காரணத்தைப் பாருங்கள். வே புரோட்டீன் என்கிற பால் புரதப் பொடி சிலருக்குப் பருவைக் கூட்டும். இரண்டு மூன்று வாரம் நிறுத்தி முட்டை, மீன் என்று மாற்றிப் பாருங்கள். பயிற்சி முடிந்து வியர்வை பனியனோடு ஒரு மணி நேரம் அரட்டை அடிக்காதீர்கள். 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு போட்ட வாஷ் முதுகுக்கு நல்லது. துண்டையும் சட்டையையும் அது வெளுக்க வைக்கும் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அடாபலின் மாதிரி ஜெல் போடுகிறவர்கள் டேனுக்கு ஒரு வாரம் முன்னால் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தோல் செதில் செதிலாக உரிந்து டேன் திட்டாகும்.

ஒரே மாதிரியான சின்னப் புள்ளிகளாக, அரிப்போடு இருந்தால் அது பருவே இல்லாமல் பூஞ்சையாக இருக்கலாம். பரு மருந்து அதற்கு வேலை செய்யாது. அப்புறம், தசை வளர ஊசி போட்டுக்கொள்கிற பிள்ளைகளுக்குத் திடீரென்று தோளிலும் நெஞ்சிலும் கொத்துக் கொத்தாக வரும். நான் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடுவேன். திட்டுவதற்காகச் சொல்லவில்லை தம்பி. அது உள்ளே நடப்பதன் வெளி அடையாளம். பார்லருக்கு வருகிறதுக்கு முன்னால் டாக்டரிடம் போ, நடந்ததை மறைக்காமல் சொல்லு.

தேமல், படர்தாமரை இருந்தால்?

தேமல் ஆபத்தில்லாதது. ஆனால் அதன் மேல் டேன் சீராக ஏறாது. கீட்டோகனசால் ஷாம்பூவைத் தேமல் உள்ள இடத்தில் தடவிச் சில நிமிஷம் விட்டுக் கழுவச் சொல்வார்கள். பூஞ்சை செத்த பிறகும் வெள்ளைத் திட்டு மறைய மாதக் கணக்கில் ஆகும். அதனால் போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது வந்து கேட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

படர்தாமரை ஒட்டும். அது ஆறும்வரை யார் டேன் ஸ்பாஞ்சையும் தொடாதீர்கள். மெடிக்கலில் கேட்டு வாங்குகிற 'மூணும் கலந்த' கிரீமில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு நிற்கும், தாமரை உள்ளுக்குள் பரவும்.

முடி எடுப்பது எப்போது?

ரேசர் என்றால் முதல் டேன் கோட்டுக்கு ஒரு நாள் முன்னால். வேக்சிங் என்றால் மூன்று நாலு நாள் முன்னால். எடுத்த அன்றே பூசினால் ஒவ்வொரு துவாரத்திலும் நிறம் இறங்கி எள்ளுத் தூவின மாதிரி கரும்புள்ளி விழும். முதல் தடவை முடி எடுக்கிறவர்கள் போட்டி வாரத்தில் எடுக்காதீர்கள், ஒரு மாதம் முன்னால் ஒத்திகை பாருங்கள். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வேக்சிங் பக்கமே போகக்கூடாது, தோலோடு பிய்ந்து வரும். மாத்திரையை நிறுத்தி ஆறு மாதமாவது ஆகட்டும்.

ரேசரைப் பங்கு போடாதீர்கள். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமி ரத்தத் துளியில் பரவும்.

டேனில் என்ன இருக்கிறது? உடம்புக்கு ஆகுமா?

நிறம் தருகிற பொருள் டி.எச்.ஏ. என்கிற ஒரு எளிய சர்க்கரை. தோலின் மேல் பரப்பில் இருக்கிற இறந்த செல்களின் புரதத்தோடு சேர்ந்து பழுப்பாகிறது. தோசை முறுகிச் சிவக்கிறதே, அதே வினைதான். 1950களில் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஈவா விட்ஜென்ஸ்டைன் என்கிற ஆராய்ச்சியாளர், நோயுள்ள குழந்தைகளுக்கு இதை வாய்வழி மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார். சிந்திய இடத்தில் தோல் பழுப்பானதையும் துணியில் கறை விழாததையும் கவனித்தார். டேன் தொழிலே அதிலிருந்து வந்ததுதான்.

பூசிச் சில மணி நேரத்தில் நிறம் ஏற ஆரம்பிக்கும், முழுசாகத் தெரிய ஒரு நாள் வரை ஆகும். தோல் உதிர உதிர ஒரு வாரத்தில் போய்விடும். தோல் மேல் பூசுவதற்கு மட்டும்தான் இது. கண், உதடு, மூக்கு வழியாக உள்ளே போகக்கூடாது. ஸ்ப்ரே அடிக்கிறவரிடம் போனால் கண்ணையும் மூக்கையும் மூடி, உதட்டில் வாசலின் வைத்துக்கொள்ளுங்கள். ஆஸ்துமா இருந்தால் ஸ்ப்ரே வேண்டாம், கையால் பூசுகிறதே போதும். பூசின நாளில் வெயிலில் திரியக்கூடாது. டேன் கருப்பாக இருந்தாலும் வெயிலைத் தடுக்காது.

முதல் தடவை என்றால் 48 மணி நேரம் முன்னால் முழங்கை மடிப்பில் ஒரு ரூபாய் அளவு பூசிப் பாருங்கள். தாடிக்குப் போடுகிற கறுப்பு டைக்கும் இதே சோதனை அவசியம். கண் வீங்கிப்போய் மேடை ஏற முடியாமல் நின்றவரை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டிலேயே காபித்தூள், பெர்மாங்கனேட் வைத்துப் பூசலாமா?

காபித்தூள் வியர்த்தால் ஒழுகும். பெர்மாங்கனேட் தோலை எரிக்கும். இரண்டும் வேண்டாம்.

பூசுகிற அன்று என்ன செய்யணும்?

ஞாயிறு காலை போட்டி என்றால் நான் வெள்ளி ராத்திரி ஒரு கோட், சனி சாயங்காலம் ஒரு கோட், ஞாயிறு காலை விட்டுப்போன இடம் மட்டும். நடுவில் குளிக்கலாமா என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், லேபிளைப் படியுங்கள்.

வருகிறபோது நன்றாகக் குளித்து, உடம்பில் ஒன்றும் பூசாமல் வாருங்கள். டியோடரன்ட், சென்ட், பவுடர் எதுவும் கூடாது. நான் முதலில் முட்டி, முழங்கை, கணுக்கால், விரல் மூட்டில் ஒரு சொட்டு லோஷன் தடவுவேன். அந்த இடத் தோல் தடிமன், டேனை அதிகமாகக் குடிக்கும். அப்புறம் கையுறை ஸ்பாஞ்சில் எடுத்துக் கணுக்காலிலிருந்து மேலே, வட்டமாக. கால் விரல் இடுக்கில் டிஷ்யூ. உள்ளங்கை, உள்ளங்கால் கிடையாது. அக்குளை மடக்காமல் சோளக்காட்டுப் பொம்மை மாதிரி கையை விரித்து ஃபேன் அடியில் கால் மணி நேரம். மழைக்காலத்தில் இது இரட்டிப்பாகும். ஆனி, ஆடியில் போட்டி வைத்தால் நேரத்தைக் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

ஆண்கள் ஃபிசிக் பிரிவில் ஷார்ட்ஸ் போடுவதால் தொடைக்குப் பூசாமல் விடச் சொல்வார்கள். விடாதீர்கள். நடக்கும்போது துணி ஏறும், வெள்ளைக் கோடு தெரியும்.

ராத்திரிக்குப் பழைய கறுப்பு பெட்ஷீட், முழுக்கை நைட்டி அல்லது தளர்வான லுங்கி. பாத்ரூம்தான் பெரிய சோதனை. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கோடு இறங்கும். பெண்கள் பேப்பர் கப்பின் அடியை வெட்டிக் கூம்பு மாதிரி வைத்துக்கொள்வார்கள். கழுவின கையோடு டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள்.

எனக்கு நடந்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் ஒரு பையன் டியோடரன்ட் போட்டிருந்ததை நான் கேட்கவில்லை. மறுநாள் அக்குள் இரண்டும் பாசி பிடித்த மாதிரி பச்சை. திருச்சூருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, சாரல் அடித்து, வலது தோளில் நாலு வெள்ளைக் கோடு வேறு. மேடைக்குப் பின்னால் நின்று ஸ்பாஞ்சால் ஒற்றி ஒற்றிச் சரி பண்ணினேன். பச்சை போகவே இல்லை. டபுள் பைசெப்ஸுக்குக் கையைத் தூக்கியபோது அவன் முகம் வாடினது இன்னும் என் மனசில் இருக்கிறது. அதற்கப்புறம் பூசுகிறதுக்கு முன்னால் ஒவ்வொருவர் அக்குளையும் ஈரத் துணியால் நானே துடைக்கிறேன்.

முக மேக்கப் எப்படி?

உடம்பைப் பார்த்து முகம். வழக்கமாகப் போடுகிற ஃபவுண்டேஷனைப் போட்டால் கழுத்துக்கு மேல் வேறு ஆள் மாதிரி இருக்கும். டேன் ஏறின நெஞ்சில் வைத்துப் பார்த்து அதே நிறம் வாங்குங்கள், இரண்டு மூன்று ஷேடு ஆழமாக வரும். முகத்துக்கு டேன் ஒரு மெல்லிய கோட் போதும், மீதியை ஃபவுண்டேஷன் பார்த்துக்கொள்ளும். காது மடலையும் காதுக்குப் பின்னாலும் மறக்காதீர்கள்.

பெண்களுக்குப் புருவம், இமை, கன்ன எலும்பு மூன்றும் தூரத்திலிருந்து தெரிய வேண்டும். மைக்கும் மஸ்காராவுக்கும் வாட்டர்ப்ரூஃப். ஒட்டு இமையின் பசையை முன்னாடியே கையில் சோதியுங்கள். வெள்ளைப் பவுடரை அள்ளி அடித்தால் ஃப்ளாஷில் மாவு பூசின மாதிரி விழும். முடித்ததும் தோழியை ஐந்தாறு மீட்டர் தள்ளி நிறுத்தி ஃப்ளாஷ் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். கண்ணாடி காட்டாததை அது காட்டும்.

ஆண்களுக்கும் மேக்கப்பா?

முகம் கழுத்தோடு சேர்கிற அளவுக்கு நிறம், நெற்றி எண்ணெய் ஒற்றி எடுக்க டிஷ்யூ, உதட்டுக்கு மினுக்காத பாம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்ணெய் எவ்வளவு பூசலாம்?

போட்டி நடத்துகிற அமைப்பின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.எஃப்.பி.பி. என்கிற உலக பாடிபில்டிங் கூட்டமைப்பின் விதியில் துடைத்தால் கையோடு வருகிற டேனுக்கு இடமில்லை, அதிக எண்ணெயும் கூடாது, மின்னுகிற தங்கத் தூளும் கூடாது. நான் உள்ளங்கையில் ஒரு சின்ன ஸ்பூன் அளவு தேய்த்து, மேடைக்குப் போகிற நிமிஷத்தில், நெஞ்சு, தோள், வயிறு என்று ஒற்றுவேன். பம்ப் எடுக்கும்போது (மேடைக்கு முன் தசை புடைக்கச் செய்கிற சின்னப் பயிற்சி) வியர்த்தால் துடைக்காமல் ஒற்றுங்கள்.

மேடைக்குப் பின்னால் மஸ்காராவைப் பகிர்ந்துகொள்ளலாமா?

வேண்டாம் கண்ணு. ஒருத்திக்கு மெட்ராஸ் ஐ இருந்தால் வரிசை முழுக்க வரும். ஸ்பாஞ்சும் ஆளுக்கு ஒன்று.

போட்டி முடிந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகணும். டேன் எப்படிப் போகும்?

இப்போது தேங்காய் எண்ணெயை எடுங்கள். உடம்பு முழுக்கத் தாராளமாகப் பூசி அரை மணி நேரம் ஊறட்டும். அப்புறம் வெதுவெதுப்பான தண்ணீர், பயத்தமாவு, பீர்க்கங்காய் நார். எங்கள் ஊர் போர்வெல் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, மாவுதான் எண்ணெயை எடுக்கும். முதல் நாளே எல்லாம் போகாது. மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள். எலுமிச்சை, பிளீச் என்று தோலை எரிக்காதீர்கள். பல வாரப் பட்டினியில் அது ஏற்கெனவே களைத்திருக்கிறது. தண்ணீரும் சோறும் உள்ளே போக ஆரம்பித்ததும் தோலே மினுங்கும்.

நகக்கண்ணிலும் முழங்கை மடிப்பிலும் மட்டும் ஒரு வாரம் பழுப்பு நிற்கும். ஆபீஸில் யாராவது கேட்டால் மேடையில் எடுத்த படத்தைக் காட்டுங்கள்.